பைன் மரக் கடற்கரையில் வைத்த சோறு

ஜப்பானுக்குப் போக என் பெயரையும் கொடுத்திருப்பதாக ஃபோர்மன் வந்து சொன்னபோது, வேறு யாரையாவது அனுப்ப முடியாதா என்று கேட்டேன்.

அப்போது நான் நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுகாவ் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஜப்பானிலிருந்து பெட்டிகளில் துண்டு துண்டாக வரும் கார்களை அங்கே பொருத்துவார்கள். பொருத்தி முடித்த காரை ஒரு கூண்டுக்குள் விட்டு நாலு பக்கமும் தண்ணீர் அடிப்பார்கள். அது வெளியே வந்ததும் உள்ளே ஏறி, கதவோரம், கண்ணாடியோரம், கால் விரிப்பின் அடி எல்லாம் கைவிட்டுத் தடவி, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நல்ல வேலைதான். மற்றவர்கள் ஒருமுறை தடவுகிற இடத்தை நான் திரும்பத் திரும்பத் தடவுவேன். திறமையென்று நினைத்துத்தான் என்னைத் தெரிவு செய்தார்கள். உண்மையில் அது பயம். நான் சரியாகப் பார்க்காமல் விட்ட காரில் யாரோ மழையில் போய், கால் நனைந்து, காய்ச்சலில் படுத்துவிடுவார் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

கொஞ்ச நாள் அங்கே போய், தண்ணீர் ஒழுகாமல் கார் செய்வது எப்படி என்று பார்த்துவிட்டு வரவேண்டும். எங்கள் பிரிவிலிருந்து நானும், பசிபிக் தீவுகளிலிருந்து வந்த ஒரு சமோவாக்காரரும். அவர் என்னைவிட இரண்டு மடங்கு பருமன். எதற்கும் சிரிப்பார். நான் பிளேன் விழுவதைப் பற்றிக் கேட்டேன், பூமி அதிர்வதைப் பற்றிக் கேட்டேன், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிளேன் விழுந்தால் பூமி அதிர்ச்சியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஒரு கவலை குறைந்தது என்றார்.

என்னுடைய பெரிய கவலையை அவரிடம் சொல்லவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மதராசிலிருந்து போன் வந்துவிட்டால்? அப்பாவைப் பற்றி ஏதாவது தெரிந்து, அதைச் சொல்ல அம்மா கூப்பிட்டால்?

அப்பா கொழும்பில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குப் பொறுப்பாக இருந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். என் மனைவிக்கு ஆக்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, அவரோடு நான் இங்கே வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா பின்கதவால் ஓடி, சந்து போன்ற ஒழுங்கைக்குள் திரும்பியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அகதி முகாமாக்கிய பள்ளிக்கூடத்தில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். சனங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலில் கண்டதாகவும் ஒரு கதை வந்தது. காங்கேசன்துறையில் கப்பல் ஆட்களை இறக்கியபோது, வடக்கில் எங்கள் ஊரிலிருந்த அம்மாவும் அக்காவும் துறையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார்கள். கடைசி ஆள் இறங்கிய பிறகும் அம்மா வர மறுத்துவிட்டாராம். பிறகு ஊரிலும் இருக்க முடியாமல் அவர்கள் மதராசுக்குப் போனார்கள். அம்மா புறப்படும்போது, அவர் வந்து கேட்டால் சொல்லுங்கள் என்று மதராஸ் விலாசத்தைப் பக்கத்து வீடுகளில் எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வள்ளம் ஏறினார்.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள். ஒருபொழுது இருந்து, மரக்கறி சமைத்துப் படைத்து, முதலில் காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. செத்தவர்கள் காகமாக வந்து உண்கிறார்கள் என்று நம்பிக்கை. தகப்பன் இருக்கிறவன் அந்த விரதம் பிடிக்கக்கூடாது. பிடித்தால் உயிரோடிருப்பவருக்குத் தர்ப்பணம் செய்த மாதிரி.

அக்கா என்னை விரதம் பிடிக்கச் சொன்னார். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அப்பா பசியோடு அலைகிறார், ஊருக்கே சோறு போட்ட மனுசனுக்குச் சோறு வைக்க ஆளில்லை என்று போனில் அழுவார். அம்மா போனை வாங்கி, பிடிக்கக்கூடாது என்பார். நான் இரண்டு பேருக்கும் ஓம் போட்டேன். அக்கா இறுக்கிப் பிடிக்கும்போது மட்டும், இஞ்ச காகமே இல்லையக்கா என்று சொல்வேன். அது பொய் கிடையாது. ஆக்லாந்தில் காகம் இல்லை. வந்த புதிதில் மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேசனில் ரயிலுக்கு நிற்கும்போது ஏதோ குறைகிறதே என்று யோசித்து யோசித்து, கடைசியில் கண்டுபிடித்தது அதைத்தான். காலை விடிந்தால் ஒரு கரைச்சல் இல்லை. அப்போ கடற்புறாவுக்கு வையன் என்று அக்கா ஒருமுறை சொன்னார். அது வெள்ளையாயிருக்கே என்றேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

இப்படியே நாலு ஆடி போனது. காகம் இல்லாத ஊர் எனக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று நான் முடிவெடுக்கத் தேவையில்லை.

ஜப்பானுக்குப் புறப்பட்டது ஆகஸ்ட் தொடக்கத்தில். அந்த வருடம் ஆடி அமாவாசை எந்த நாள் என்று நான் பார்க்கவில்லை. குசினியில், அடுப்புக்கு மேலே தொங்கிய மதராஸ் காலண்டரில் இருந்தது, ஆனால் நான் அந்த மாதங்களில் காலண்டர் பக்கம் திரும்புவதில்லை. மனைவிக்கு அது தெரியும். அவரும் சொல்லமாட்டார்.

ஜப்பானில் வெயில் கொழும்பு வெயில் மாதிரி இருந்தது. ஆக்லாந்து மழைக் குளிருக்குள் இருந்து போனவனுக்கு உடம்பு உடனே அதை அடையாளம் கண்டுகொண்டது. தொழிற்சாலையில் எல்லாம் ஒழுங்கு. என்னைப் போல ஈரம் தடவிப் பார்க்கும் ஆளே அங்கில்லை. ஒழுகாதபடியே செய்கிறார்கள், பிறகு எதற்குத் தடவுவது? அதைப் பார்த்ததும், இனி நம் வேலை போய்விடும் என்று ஒரு புதுக் கவலை தொற்றிக்கொண்டது.

பிறகு தொழிற்சாலையைச் சில நாட்களுக்கு மூடினார்கள். எங்களைக் கவனித்துக்கொள்ள விட்டிருந்த ஜப்பானியர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம். ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டேன். செத்தவர்கள் இந்த நாட்களில் வீட்டுக்கு வருவார்கள், அவர்களைக் கூட்டிவர எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள் என்றார். பஸ் கால அட்டவணை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். அவரும் அடுத்த நாள் போகிறாராம். அதற்கு முதல் எங்களுக்கு ஒரு இடம் காட்டவேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலையின் வான் வண்டியில் ஏற்றினார்.

அவர் கூட்டிப்போனது ஒரு கடற்கரைப் பூங்கா. பூங்கா என்றதும் நான் பூச்செடிகளை நினைத்திருந்தேன். அது காடு. மணல்மேடு நெடுகப் பைன் மரங்கள், கடற்காற்று தள்ளித் தள்ளி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அந்த மரங்களை ஒரு காலத்தில் சனங்களே நட்டார்களாம், மணல் வயலுக்குள் வராமல் தடுக்க. மரத்துக்கு மரம் வண்டுகள் கத்தின. சமோவாக்காரர் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு நடந்தார். காட்டைத் தாண்டினால் மரப்படி இறக்கம். இறங்கினால் கறுத்த பாறைகள், பாறைகளுக்கு இடையில் தண்ணீர் பச்சையாகவும் நீலமாகவும் கிடந்தது. கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் ஒரு குட்டித் தீவு, அதன் தலையிலும் நாலைந்து பைன்.

நான் அழகான இடங்களை நின்று பார்க்கிற ஆள் இல்லை. படி வழுக்குமா, அலை மேலே வருமா, வான் கதவைப் பூட்டினோமா என்றுதான் என் யோசனை போகும். ஆனால் அன்றைக்குப் பார்த்தேன். கடல் அசையாமல் வெயிலில் கிடந்தது. ஒரு கிழவர் முழங்கால் தண்ணீரில் நின்று ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கடல் பிடிக்கும். வாழ்நாள் முழுக்க கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேலை செய்தும், புகைக்குள் நின்ற மனுசனுக்கு அதைப் போய்ப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. லீவில் ஊருக்கு வரும்போதுதான் பக்கத்துக் கீரிமலைக் கடற்கரைக்குப் போய், குளித்து முடித்தும் எழும்பாமல் கரையில் இருப்பார்.

மத்தியானம் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். ஜப்பானியர் பையிலிருந்து சோற்று உருண்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றும் கறுப்புக் கடதாசி போன்ற பாசியில் சுற்றியிருந்தது. மீன் வைத்ததும் இருந்தது. பச்சை மீனோ என்று பயந்து, புளிப்புப் பழம் வைத்ததை நான் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அது வந்தது. எனக்குப் பக்கத்துப் பாறையில் இறங்கி, தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. நம் ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல். இது முழுக்கக் கறுப்பு, அண்டங்காகம் போல, கொத்தும் சொண்டும் பெரிது. கா என்றது. குரல் கொஞ்சம் தடிப்பு, ஆனால் சொல் அதேதான்.

என் கை உருண்டையைப் பிட்டு, ஒரு பிடிச் சோற்றைப் பாறையில் வைத்தது. கை என்றுதான் சொல்லவேண்டும். நான் யோசிக்கவில்லை. எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் யோசித்துச் சாகிற நான், அதை மட்டும் யோசிக்காமல் செய்தேன். எங்கள் வீட்டில் தினமும் உலை இறக்கியதும் ஒரு பிடி மதிலில் வைப்பது வழக்கம். சின்ன வயதில் அது என் பொறுப்பு. காகத்தைக் கண்டதும் கை வைத்துவிட்டது. வாயும் கா கா என்று கூப்பிட்டது.

காகம் தயங்கவில்லை. ஒரு தாவலில் வந்து, வாய் நிறைய எடுத்துக்கொண்டு பைன் மரத்துக்குப் போனது.

ஜப்பானியர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அங்கே பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக்கூடாதாம், படிக்கட்டில் பலகை இருக்கிறதாம், பழகிவிட்டால் சின்னப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்கும் என்று தலையைக் குனிந்து குனிந்து சொன்னார். தான் முதலே சொல்லாதது பிழை என்று என்னிடம் மன்னிப்பும் கேட்டார். பொலிஸ் வருமா என்று கேட்டேன். சமோவாக்காரர் சிரித்து, காகம் சாட்சி சொல்லாது, பயப்படாதே என்றார். மிஞ்சிய பருக்கைகளை நான் அவசரமாகப் பொறுக்கினேன். ஜப்பானியரும் குந்தி உட்கார்ந்து என்னோடு பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, ஏன் வைத்தாய் என்று கேட்டார். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எங்கள் ஊரில் அப்படித்தான், வீட்டில் செத்தவர்களுக்கு என்றேன்.

"உன் வீட்டில் யாருக்கு?"

"அப்பாவுக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்குக் கேட்டது. நாலு வருடம், ஐந்து வருடம் அம்மாவிடமும் அக்காவிடமும் மனைவியிடமும் சொல்லாத ஒன்றை, ஒரு அந்நியரிடம், அரைகுறை ஆங்கிலத்தில், கையில் பருக்கையோடு சொல்லிவிட்டேன். திருத்த வாய் எடுத்தேன். அவர் உயிரோடு இருக்கலாம், எங்களுக்குத் தெரியாது, என் அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லுகிற அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. தமிழிலும் இருந்திருக்காது.

ஜப்பானியர் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். பைன் மரத்தைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சேர்த்துத் தலையைக் குனிந்தார். சமோவாக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மெல்லத் தொப்பியைக் கழற்றினார். அவர் வாய்க்குள் தன் மொழியில் ஏதோ சொன்னார். அவர் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்.

அப்பாவுக்குப் பிரேதம் கிடைக்கவில்லை. கொள்ளி வைக்கவில்லை. யாரும் வாய்க்கரிசி போடவில்லை. அந்த மூன்று நிமிடம்தான் அவருக்கு நடந்த ஒரே சடங்கு, நடத்தியவர்கள் அவர் பெயரே தெரியாத இரண்டு பேர். நான் பாறையில் உட்கார்ந்து அழுதேன். சமோவாக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாரம் தாங்காமல் பாறை உருண்டுவிடும் என்று அந்த அழுகைக்குள்ளும் எனக்கு ஒரு பயம் வந்தது.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று ஞாபகமில்லை. என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் சுற்றியது. இருக்கிற மனுசனுக்குச் சோறு வைத்துவிட்டேன். எங்கேயோ ஒரு முகாமில், ஒரு ஆஸ்பத்திரியில், பெயரை மறந்துபோய் இருந்த மனுசனை நான் என் கையாலேயே அனுப்பிவிட்டேன்.

ஆக்லாந்துக்கு வந்த அன்றே மனைவியிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டுவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை எண்டனீங்கள். போன வெள்ளியோ?"

"ஓம்."

"அண்டைக்குத்தான் ஆடி அமாவாசை."

நான் காலண்டரை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். அவர் என் முன்னால் உட்கார்ந்தார். வார்டில் சொந்தக்காரர்களோடு கதைக்கிற குரலில் கதைத்தார்.

"நீங்கள் சோறு வைச்சதாலயோ மாமா செத்தவர்? இஞ்சருங்கோ, என்னைப் பாருங்கோ. எண்பத்து மூண்டில எரிச்சவங்கள். நீங்கள் இல்லை."

மாமா செத்தவர் என்று அவர் சொல்லியும் நான் அதுவரை கேட்டதில்லை.

அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அம்மா அந்த நம்பிக்கையில்தான் எழும்பி நடமாடுகிறார், அதை உடைக்க நான் யார் என்று மனைவியிடமும் சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாக ஏற்கெனவே பேச்சு. அம்மாவுக்கும் அக்காவுக்கும் சொந்தப் போன் இல்லை, கீழ்வீட்டுக்காரர் போனில்தான். கீழ்வீட்டு அம்மா எடுத்து, "இருங்க, ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருக்காங்க, குடுக்கிறேன்" என்றார்.

அம்மாதான் முதலில் வாங்கினார். பத்திரமாகப் போய் வந்தாயா, பிளேன் ஆடியதா, மெலிந்துபோனாயா என்று கேட்டார். நானும் சொல்லிக்கொண்டு போனேன். கடற்கரையைப் பற்றிச் சொன்னேன், சாய்ந்த மரங்களைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைப் பற்றிய பேச்சு வராமல் இருக்க நான் அந்தப் பூங்காவைப் பற்றியே கதைத்தேன், அதுதான் பிழை.

"அங்க மத்தியானம் என்ன ராசா சாப்பிட்டனி?"

"சோறுதானம்மா. உருட்டிக் கட்டிக் குடுப்பாங்கள். பாறையில இருந்து சாப்பிட்டம். காகம் விடுதேயில்லை."

வாயில் வந்துவிட்டது. எதிரே நின்ற மனைவி கண்ணை மூடினார்.

"காகமோ? உங்க காகமில்லையெண்டெல்லோ சொல்லுவாய்."

"ஆக்லாந்திலதான் இல்லை. யப்பானில இருக்கு."

லைனில் ஒரு இரைச்சல். என் மூச்சே எனக்குத் திரும்பிக் கேட்டது.

"வைச்சனியோ?" என்றார் அம்மா.

அம்மாவிடம் எனக்குப் பொய் வராது. "வைச்சனான் அம்மா. நான் நினைச்சு வைக்கேல்லை. கை வைச்சிட்டுது."

"எண்டைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

அம்மாவுக்குக் காலண்டர் தேவையில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன்.

"எடுத்ததோ?"

"எடுத்தது. வைச்ச உடன எடுத்தது."

"என்ன சோறு?"

"வெறுஞ்சோறு. நடுவில ஒரு புளிப்புப் பழம்."

"கொப்பருக்குப் புளிப்பெண்டாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் அம்மா. குரல் மாறவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னார். "நீ யோசிச்சுக்கொண்டு கிடவாத. எனக்குத் தெரியும் உன்னை. நீ வைக்கேல்லையடா. அவர் கேட்டு வாங்கியிருக்கிறார்."

நான் அழுவது கேட்கக்கூடாது என்று போனைப் பொத்திக்கொண்டேன். திரும்பக் காதில் வைத்தபோது அக்கா வந்திருந்தார். என்னடா சொன்னாய் அம்மாவுக்கு, போனைத் தந்திட்டுப் போய்க் கீழ்வீட்டுப் படியில இருக்கிறா என்றார். நான் சொன்னேன். இத்தனை வருடம் விரதம் பிடி, விரதம் பிடி என்று நின்ற அக்கா, கேட்டவுடன் விம்மிவிட்டார். அப்படியென்றால் அப்பா இல்லையா என்று என்னிடம் கேட்டார், நான்தான் கண்டுவந்தவன் போல.

கொஞ்சம் தேறிய பிறகு, இனி வருசா வருசம் செய்யத்தானே வேணும், ஐயரிடம் போனால் செத்த திதி கேட்பாரே, எங்களிடம் நாளில்லையே, என்ன சொல்லுவது என்றார். கடை எரிந்த நாளா, முகாமில் கண்டதாகச் சொன்ன நாளா, கப்பல் வந்த நாளா என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். எதுவும் சரிவரவில்லை.

படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அக்கா பிடித்திருந்த போனுக்குத் தூரமாக, ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆடி அமாவாசை எண்டு சொல்லு பிள்ளை. அண்டைக்குத்தான் அவர் சாப்பிட்டவர்."